பள்ளிக்கூடத்து வாசலில் சீர்த் தட்டு

மாசி மாதத்து முன்மாலை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, தஞ்சாவூர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிராமம். பிள்ளையார் கோயில் வாசலில் தவில்காரர் வார் இழுத்துக்கொண்டிருந்தார். பேருந்தைவிட்டு இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் டீக்கடையில் விசாரித்தார்: "யாரு வீட்டுல அண்ணே காதுகுத்து?" டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "காதுகுத்து இல்ல. பள்ளிக்கூடத்துக்குச் சீர் போகுது."

சற்று நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரமும் தவிலும். பின்னால் பட்டுச் சேலையும் நூல் சேலையுமாகப் பெண்கள், ஆளுக்கொரு தட்டோடு. முதல் இரண்டு தட்டுகளில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், கட்டுப் பூ. எல்லாம் முறைப்படி. மூன்றாவது தட்டில் சாக்பீஸ் டப்பாக்கள். அடுத்ததில் பென்சில், ரப்பர், ஷார்ப்பனர். அதற்கடுத்து வண்ண அட்டைகள், கதைப் புத்தகங்கள், எவர்சில்வர் குடம், இரண்டு மின்விசிறி. ஆண்கள் தோளில் ஒரு பீரோவும், பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கும். ஒரு தம்பதி வாளி, கப்பு, துடைப்பம், ஒரு கேன் ஃபினாயில் எடுத்து வந்தார்கள். அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். என் கண்ணுக்கு அன்றைய சீரிலேயே உசத்தியான தட்டு அதுதான். தொடக்கப் பள்ளியில் கழிப்பறை கழுவப் பொருள் இருக்கிறதா என்று யோசித்தவர்கள், பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஊர்வலத்தின் கடைசியில் எழுபதைத் தாண்டிய ஒரு அப்பத்தா. பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு சுவர்க் கடிகாரம். முள் ஓடவில்லை. "செல்லு போடலையா அப்பத்தா?" என்று கேட்டேன். முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். பேட்டரி அதற்குள் இருந்தது. "அங்க போயித்தான் ஓடணும். வழியில எதுக்கு ஓடி வீணாப் போவுது?"

இதற்குப் பெயர் கல்விச் சீர். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் பரவிவிட்ட வழக்கம். ஆண்டு விழாவை ஒட்டி நடக்கும். சில ஊர்களில் கோயிலில் இருந்து கிளம்பும். சில ஊர்களில் பள்ளிவாசலில் இருந்து ஜமாஅத்தார் தட்டேந்தி வருவார்கள். வாசலில் தலைமையாசிரியர் சந்தனம் கொடுத்து வரவேற்பார். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் நிற்பதுபோல ஆசிரியர்கள் வாசலில் நிற்பார்கள்.

யார் முதலில் இதற்குச் சீர் என்று பெயர் வைத்தாரோ, அவருக்குத் தமிழ்ச் சமூகத்தின் நாடி தெரிந்திருக்கிறது. நன்கொடை என்றால் கொடுப்பவர் கை மேலே இருக்கும், வாங்குபவர் கை கீழே இருக்கும். நன்றி சொல்ல வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும். சீர் அப்படி இல்லை. தங்கச்சி மகளுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் கடன் வாங்கியாவது தட்டு தூக்குவான். அது அவன் கடமை, அவன் கௌரவம். வாங்குகிற தங்கச்சி தலை குனிவதில்லை. "எங்க அண்ணன் செஞ்சது" என்று நிமிர்ந்துதான் வாங்குவாள். பள்ளிக்குச் சீர் செய்வது என்று ஓர் ஊர் முடிவெடுக்கும்போது, பள்ளிக்கூடம் நம் வீட்டுப் பெண் வாழப்போன வீடு, அங்கே வளர்வது நம் மருமக்கள் என்று ஆகிவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் சீருக்கு நேர் எதிரான இன்னொரு வழக்கமும் உண்டு. மொய் விருந்து. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், நெடுவாசல், பேராவூரணி என்று இந்த வட்டாரம் முழுக்க ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். மேசையில் மொய் நோட்டு விரிந்திருக்கும். பணம் எண்ணுவதற்கு இயந்திரம் வைக்கிற அளவுக்குப் பெரிய விருந்துகளும் நடக்கும். ஆனால் மொய் என்பது திரும்பி வரவேண்டிய பணம். வாங்கியவர் சில ஆண்டுகளில் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். ஊர் வங்கி என்றே சொல்லலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையைச் சாய்த்துப்போட்ட பிறகு, இந்த ஊர்களில் மொய் வசூலும் படுத்துப்போனது. ஒரு தென்னை மீண்டும் காய்க்க எத்தனை வருடம் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி இடுப்பொடிந்த ஊர்கள்தான், நோட்டில் வரவு வைக்காத, திரும்பி வராத பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குச் சீராகத் தருகின்றன. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அறுபத்தைந்து வருடத்துக்கும் முந்தைய தட்டுகள்

பள்ளிக்கு ஊர் கொடுப்பது புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். 1956-ல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது முழுக்க அரசுப் பணத்தில் நடக்கவில்லை. செலவில் ஒரு பங்கை ஊர் ஏற்றது. அரிசி, பருப்பு, விறகு, காய்கறி என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடி அரிசிப் பழக்கம் பல பள்ளிகளின் அடுப்பை எரியவைத்தது.

அன்று பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊரார் கையைப் பள்ளிக்கூடம் வரை நீட்டவைத்ததில் அவர் பங்கு பெரியது. 1958-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நடைமுறை எளிது. ஒவ்வொரு பள்ளியும் தன் தேவைகளைப் பட்டியல் போடும். கரும்பலகை, பெஞ்சு, சுவர்க் கடிகாரம், பிள்ளைகள் சாப்பிடத் தட்டு, கூரைக்கு ஓடு. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் யார் எதைத் தருவது என்று பேசி முடிப்பார்கள். பிறகு ஊர் கூடி, மேடையில் வைத்து ஒப்படைப்பார்கள். மாவட்டம் மாவட்டமாக அந்த மாநாடுகள் நடந்தன. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பொருளும் கட்டடமும் நிலமும் பள்ளிகளுக்குச் சேர்ந்தன. ஒரு ரூபாய்க்கு எவ்வளவு மதிப்பு இருந்த காலம் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இன்று தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்த அரசுப் பள்ளிகள் ஈராயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பலவும் யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்த மனைக்கட்டில்தான் நிற்கின்றன. நான் போன பள்ளியிலும் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. மின்மணி வந்த பிறகும் அதை அவிழ்க்கவில்லை. யார் கொண்டுவந்து கட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குள் இன்று மணி அடிக்கும் முறை யாருடையது என்பதில் தினமும் ஒரு சண்டை உண்டு.

கொடையைப் பற்றிப் பேசும்போது மதுரை ஒத்தக்கடை பக்கத்துக் கொடிக்குளத்தை விட்டுவிட முடியாது. ஆயி என்கிற பூரணம் வங்கியில் எழுத்தர். கணவரை இழந்தவர். பெற்ற ஒரே மகள் ஜனனியும் இறந்துபோனார். 2024 ஜனவரியில், கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம் வேண்டும் என்று, தன் பெயரில் இருந்த 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுத்தார். அன்றைய சந்தை மதிப்பு ஏழு கோடி ரூபாய் என்றார்கள். அவர் வைத்த வேண்டுகோள், பள்ளிக்கு மகள் பெயரை வைக்க வேண்டும் என்பது. யாருக்கும் சொல்லாமல்தான் பத்திரம் பதிந்தார். செய்தி வெளியே வந்த பிறகு, அந்த ஆண்டு குடியரசு தின விழாவில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார். பெற்ற மகளுக்குச் செய்ய முடியாமல் போன சீரை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்த தாய் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கணக்கு நோட்டும் உபயமும்

எல்லாப் பள்ளிக்கும் ஏழு கோடி நிலம் வராது. நடைமுறையில் பணம் சேர்வது சில்லறை சில்லறையாகத்தான். முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுதான் இப்போதைய உண்டியல். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்ப்பவர், வளைகுடாவில் ஓட்டுநராக இருப்பவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் போடுபவர் என்று ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் அனுப்புவார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற செலவைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்காகவே மொய் விருந்து வைத்த ஊர்களும் உண்டு. பெரிய நிறுவனங்களிடமும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் நிதி திரட்ட, 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. அப்போது தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவராகவும், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதராகவும் இருந்தார்கள். எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்பதைப் பார்த்து, விரும்பிய பள்ளிக்குக் கொடுக்கலாம்.

ஆனால் பணம் வருவதைவிட, வந்த பணம் எங்கே போனது என்று ஊருக்குத் தெரிவதுதான் முக்கியம். அந்த வேலை பள்ளி மேலாண்மைக் குழுவுடையது. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, தலைவர் பதவியை மாணவர் ஒருவரின் தாயாருக்கே கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு, சேலையில் மண்ணோடு வந்து, தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திடும் ஒரு தாயை நான் பார்த்தேன். "ஃபேன் ரெண்டுதான் வாங்குனோம் சார். பில்லுல மூணு போட்டுருக்கு," என்றார். மூன்றாவது அங்கன்வாடிக்கு என்று தலைமையாசிரியர் விளக்கம் சொன்னார். "அப்ப அதைத் தனியா எழுதிடுங்க." எழுதினார்கள். மொய் நோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கணக்கு சொல்லித்தரத் தேவையில்லை.

இந்த இடத்தில் மனசில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயில் குழல் விளக்கில் 'உபயம்' என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்த கதை நமக்குத் தெரியும். அந்த வியாதி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடக் கூடாது. ஒரு பள்ளியின் சுவரில் திருக்குறளைவிடப் பெரிய எழுத்தில் கொடையாளர் பெயரைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கப்போகும் முதல் சுவர் அது.

இரண்டாவது, இன்னும் பெரிய விஷயம். ஊர் சீர் கொடுக்கிறது என்பதால் அரசு தன் கையை எடுத்துக்கொள்ளக் கூடாது. கூரையும் கழிப்பறையும் ஆசிரியர் பணியிடமும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய உரிமை. அவற்றை வரிப்பணத்தில் தர வேண்டும். தென்னை சாய்ந்த ஊரும், கொடுக்க ஆளில்லாத காலனியும், பாதி ஊர் செங்கல் சூளைக்குப் போய்விட்ட ஒன்றியமும் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. அங்கே யார் தட்டு தூக்குவார்கள்? எந்தப் பிள்ளையிடமும் பள்ளிக்கூடம் காசு கேட்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். என் சின்ன வயதில் கொடிநாள் காசு கொண்டுவராதவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். நான் நின்றிருக்கிறேன். நாற்பது வருடம் ஆகியும் அந்த ஐந்து நிமிடம் எனக்கு மறக்கவில்லை. சீர் என்பது பெரியவர்கள் தங்களுக்குள் பேசிச் செய்வது. பிள்ளைகள் அதில் ஆடிப்பாடினால் போதும்.

அறுபத்தொன்றாவது பிள்ளை

ஒரு தொடக்கப் பள்ளியின் சாதனையை எதைவைத்துச் சொல்வது? இங்கே பொதுத்தேர்வு கிடையாது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்ட வழியில்லை. அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாவில் இப்போது ஒண்ணாம் வகுப்பில் இருந்தே போட்டிகள் வந்துவிட்டன. மாறுவேடம், ஒப்பித்தல், மழலையர் பாடல் என்று வட்டார அளவில் வென்று வரும் பிள்ளையை ஊரே தூக்கிக்கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் தனியாகப் பேசினால் அவர்கள் வேறு இரண்டு கணக்குகளைச் சொல்வார்கள்.

முதல் கணக்கு, தலை எண்ணிக்கை. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61-ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாவது ஆசிரியர். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் மற்றவர் பாடு சொல்லி மாளாது. அதனால்தான் மார்ச் மாதம் பிறந்ததும் ஆசிரியர்கள் துண்டறிக்கையோடு தெருத்தெருவாக நடக்கிறார்கள். மஞ்சள் நிற வேன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் காலத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தகப்பனைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியம் இல்லை. சீர் ஊர்வலம் அந்த இடத்தில்தான் உண்மையான வேலை செய்கிறது. மேளம் அந்தத் தெரு வழியாகவும் போகிறது. தன் பிள்ளையை வேனில் ஏற்றுகிற தாயும் வாசலில் நின்று பார்க்கிறாள். தட்டு தூக்கிப்போன பெண்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார்.

2022 செப்டம்பர் 15-ல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டமும் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. ரவா உப்புமாவா, சேமியா கிச்சடியா, வெண்பொங்கலா என்பதைக் கிழமையை வைத்தே பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். விடிகாலையில் நடவுக்குப் போகும் தாய்க்கு, பிள்ளை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கவில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

இரண்டாவது கணக்கு, வாசிப்பு. கொரோனா காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொடக்கப் பள்ளிகள் பூட்டிக்கிடந்தன. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு 'அ' தெரியவில்லை. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது அதைச் சரிசெய்யத்தான். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பிரித்தார்கள். எழுத்து அறியும் நிலை அரும்பு, அடுத்தது மொட்டு, அதற்கும் அடுத்தது மலர். பேர் வைத்தவருக்குப் புண்ணியம். 'மக்கு' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தைவிட்டு விரட்ட இதைவிட நல்ல வழி இல்லை. "நான் மொட்டுக்கு வந்துட்டேன்" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னபோது, அவன் முகத்தில் மாவட்ட ஆட்சியர் ஆகிவிட்ட பெருமிதம்.

அன்றைய ஆண்டு விழா மேடையிலும் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி நடனம் இல்லை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதைப் புத்தகம் ஒன்றை மைக் முன்னால் விரித்து வாசித்தாள். சற்று முன் சீர்த் தட்டில் வந்த புத்தகம். மனப்பாடம் செய்ய நேரம் இருந்திருக்காது. 'நரி' வந்தது, 'நதி' வந்தது. 'வழுக்கியது' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். கூட்டம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் யாரோ எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். ஆசிரியை மேடையோரத்தில் இருந்து கையைக் காட்டி நிறுத்தினார். வ… ழு… க்… கி… "வழுக்கியது!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கதையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். அன்று அந்தப் பந்தலில் எழுந்த கைதட்டல் வேறு எந்த நிகழ்ச்சிக்கும் எழவில்லை. கைதட்டியவர்களில் பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள்.

ஒன்றரை மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பள்ளியில் எட்டிப்பார்த்தேன். மின்விசிறிகள் சுற்றின. பீரோவுக்குள் கதைப் புத்தகங்கள். அவற்றின் ஓரம் அழுக்கேறி மடங்கியிருந்தது கண்டு சந்தோஷம். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஒரு அப்பத்தா நின்றுகொண்டிருந்தார். கடிகாரம் கொடுத்தவர். அது நின்றுவிட்டதாகப் பேரன் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறான்.

"நாங்க மாத்திக்கிறோம்மா, நீங்க எதுக்கு வெயில்ல நடந்து வந்தீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

அப்பத்தா பதில் சொல்லவில்லை. முந்தானையை அவிழ்த்துப் புதுப் பேட்டரியை நீட்டினார். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பெஞ்சின்மேல் ஏறிக் கடிகாரத்தை இறக்கினான். செல்லைப் போட்டுத் திரும்ப மாட்டினான். மணி பார்க்கத் தெரியாத அப்பத்தா, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நொடி முள் நகர்ந்து ஒரு முழுச் சுற்று வந்து சேரும்வரை நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.